ஸ்டியரிங்கில் இரண்டு கைலித் துண்டு

மூலக்குளத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு ஷெட் இருக்கிறது. உள்ளே நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு காரின் பின்சீட்டு. சுவரோரமாக ஹாலோ பிளாக் கல்மேல் அதை வைத்திருக்கிறோம். அதற்கு எதிரே முன்சீட்டு ஒன்று, ஆடாமல் இருக்க ஒரு பக்கம் மரக்கட்டை முட்டுக் கொடுத்து. கார் அதற்கப்புறம்தான் தெரியும். காருக்குள் சீட்டு என்று இருப்பது ஒன்றே ஒன்று, ஓட்டுகிறவனுக்கு.

எடையைக் குறைக்க நாங்கள்தான் ஒவ்வொன்றாகக் கழற்றினோம். ஏசி போனது. கதவுக்கு உட்புற அட்டை போனது. தரையில் சத்தம் வராமல் இருக்க ஒட்டியிருந்த தார் ஷீட்டை உளியால் சுரண்டி எடுத்தோம். சீட்டுகளைக் கழற்றியபோது மட்டும் தூக்கிப் போட மனசு வரவில்லை, வேலைக்கு நடுவே உட்கார வசதியாக இருந்தது. அப்படித்தான் வருடக்கணக்கில் அந்தக் காரின் சீட்டில் உட்கார்ந்துகொண்டே, காருக்கு வெளியே இருந்தபடி, அந்தக் காரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

"ஒத்த சீட்டு வண்டிய வச்சிக்கினு இன்னாடா பண்ணப் போற?" என்று அம்மா கேட்பாள். "நான் மார்க்கெட்டுக்குப் போவணும்னா பின்னாடி ஓடித்தான் வரணும்."

நாங்கள் என்றால் மூன்று பேர். நான் மெக்கானிக்கல் படித்தவன், சேதராப்பட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஒரு விஷயம் பிடித்துப் போனால் அன்றைக்கே முடித்துவிட வேண்டும், முடியாவிட்டால் சாப்பாடு இறங்காது. இரண்டாமவன் நெல்லித்தோப்புக்காரன், என்னோடு கல்லூரியில் படித்தவன், கம்ப்யூட்டர் பைத்தியம். காரின் மூளைப் பெட்டியில் லேப்டாப்பைச் செருகி, எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று மாற்றி எழுதுவது அவன் வேலை. கையில் கிரீஸ் பட்டால் அருவருப்பான். மூன்றாமவன் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஒர்க்ஷாப்பில் இருந்தான். வெல்டிங், குழாய் வளைப்பது, கழன்றதைச் சேர்ப்பது எல்லாம் அவன்தான். அவன் வந்தால் ஷெட்டுக்குள் டீசல் வாசனையும் மீன் வாசனையும் சேர்ந்து வரும். லேப்டாப்காரன் மூக்கைப் பொத்திக்கொள்வான். "இன்னா மச்சி, வஞ்சிரமா, காரப்பொடியா இன்னிக்கி?" என்பான். படகுக்காரன் கையை அவன் சட்டையில் துடைத்துவிட்டுப் பதில் சொல்வான்.

கார் ஒன்றும் பெரிய கார் இல்லை. குடும்பத்தோடு கோயிலுக்குப் போக வாங்குவார்களே, அந்த மாதிரி பழைய சின்னக் கார். அதில் டர்போ வைத்தோம். எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழலும். அந்தச் சுழற்சி இன்னொரு பக்கம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். நிறைய காற்று, நிறைய பெட்ரோல், நிறைய இழுப்பு. அந்தத் திணிப்புக்குப் பெயர் பூஸ்ட். அதைக் காட்ட ஒரு மீட்டர் இருக்கிறது. ஊசி பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் அது சாதாரணக் கார். பூஜ்யத்தைத் தாண்டி மேலே ஏறினால் நாங்கள் உருவாக்கிய கார்.

அந்த ஊசி பூஜ்யத்தைத் தாண்டுவதை மூன்று பேரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும். எங்களுக்குள் ஒரே ஒப்பந்தம் அதுதான். ஒரே சீட்டுக் காரில் மூன்று பேர் எப்படி என்று அதற்கும் ஒரு சண்டை நடந்தது.

"பாய் விரிச்சி உக்காந்துக்கலாம்டா," என்றான் படகுக்காரன்.

"பாயா? டர்போ வச்ச கார்ல பாயா?"

"ஆமா. உனக்குத் தலகாணியும் எடுத்துட்டு வரேன்."

மறுநாள் நிஜமாகவே ஒரு கோரைப்பாய் கொண்டுவந்தான். அதைச் சுருட்டிப் பின்சீட்டுக்குப் பின்னால் நிறுத்தி வைத்தோம்.

முதலில் வாங்கிய டர்போ வீணாகிப் போனது. ஒரு டீசல் வண்டியிலிருந்து கழற்றியது. குழாய்களைப் பிரித்து வைத்திருந்தபோது எங்கிருந்தோ ஒரு சின்ன நட்டு அதன் வாய்க்குள் விழுந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. எஞ்சினைப் போட்டதும் உள்ளே கரகரவென்று ஒரு சத்தம். டர்போ சக்கரத்தின் இறக்கைகள் முனை மழுங்கிப் போயின. அன்றைக்குப் படகுக்காரன் அவனுடைய ஒர்க்ஷாப் வழக்கத்தை எங்களுக்கும் கொண்டுவந்தான். பழைய நீலக்கட்டம் போட்ட கைலி ஒன்றைக் கிழித்தான். எந்தக் குழாய் திறந்திருந்தாலும் அதன் வாயில் துணியை அடைக்க வேண்டும். அடைத்த கையோடு அதே துணியில் ஒரு துண்டைக் கிழித்து ஸ்டியரிங்கில் முடிச்சுப் போட வேண்டும். உள்ளே எத்தனை துணியோ வெளியே அத்தனை முடிச்சு. முடிச்சு இருக்கும்வரை யாரும் சாவியைத் தொடக்கூடாது.

"இன்னொண்ணு," என்றான். "அடைச்சவன்தான் எடுக்கணும். வேற எவனும் எடுக்கக் கூடாது. எங்க, எவ்ளோ உள்ள வச்சோம்னு வச்சவனுக்குத்தான் தெரியும். படகு கடல்ல போயி நின்னுச்சுன்னா நீந்தியா வருவாங்க?"

அதன்பிறகு ஒரு நட்டுகூட உள்ளே விழவில்லை. வேலை நடக்கும் நாட்களில் ஸ்டியரிங்கைப் பார்த்தால், வேண்டுதலுக்குத் துணி கட்டிய மரக்கிளை மாதிரி இருக்கும். வேலை முடிந்து அவன் ஒவ்வொன்றாக அவிழ்ப்பான். நாங்கள் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம்.

முதலில் லேப்டாப்காரனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பஸ் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். முதலில் வாராவாரம் வந்தான், அப்புறம் மாதம் ஒருமுறை, பிறகு ஏதாவது பண்டிகை வந்தால். அவன் வேலையை அங்கிருந்தே செய்ய முடிந்தது. நான் ஒரு வயரைச் செருகினால் போதும், அவன் பெங்களூரிலிருந்து காரின் மூளைக்குள் நுழைந்து எண்களை மாற்றுவான்.

படகுக்காரனுடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சொல்தா என்றால் சிப்பாய். பிரெஞ்சுப் பென்ஷனில் மாடி கட்டிய வீடுகளை எங்கள் ஊரில் சொல்தா வீடு என்று சொல்வார்கள். இவர்களுடையதும் சொல்தா வீடுதான், ஆனால் பென்ஷனும் இல்லை, மாடியும் இல்லை. அவன் பேரில் பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதங்கள் பல வருடமாக நகர்ந்துகொண்டிருந்தன. அது நடக்காது என்று நினைத்தே நாங்கள் கிண்டல் செய்வோம். ஸ்பேனரைக் கேட்டால் அவனும் "இந்தாங்க ஐயா" என்பதைப் பிரெஞ்சில் "வுவாலா மிசியே" என்று சொல்லி நீட்டுவான். பிரெஞ்சு வகுப்புக்கு அவன் போனதே அவன் அம்மாவின் நச்சரிப்பால்தான். ஒரு நாள் காகிதம் வந்துவிட்டது. பாரிசுக்கு வெளியே இருக்கும் சித்தப்பா, தனக்குத் தெரிந்த ஒரு சரக்குக் கிடங்கில் வேலை இருக்கிறது, உடனே வந்து சேர் என்றார். பயணத் தேதி சட்டென்று முன்னால் வந்தது. அவன் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஷிப்ட். மாற்றிக் கேட்டேன், கிடைக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாள். "மதியானம் வந்தான்டா. ஷெட்டுக்குள்ள போயி ரொம்ப நேரம் இருந்தான். டீ போடட்டான்னு கேட்டேன், வேணாம்மான்னுட்டான். சாவிய குடுத்துட்டு, வரேம்மான்னு போயிட்டான்."

வாட்ஸப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் இருந்தது. பின்னணியில் வேன் சத்தம். "மச்சி, பொங்கலுக்கு வந்துடுவேன். அதுக்குள்ள மிச்ச வேலைய முடிச்சி வை. பாய எலி கடிக்காம பாத்துக்கோ."

ஷெட்டுக்குள் போய் விளக்கைப் போட்டேன். ஸ்டியரிங்கில் நீலக்கட்டம் போட்ட இரண்டு முடிச்சு.

அடுத்த ஞாயிறு வேலையை ஆரம்பித்தேன். டர்போவின் வாயில் ஒரு துணி இருந்தது, வால் வெளியே தெரிந்தபடி. விதிப்படி அவன்தான் எடுக்க வேண்டும். ஆள் ஊரில் இல்லாதபோது என்ன செய்ய? போட்டோ எடுத்து அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது. எடுத்தேன், ஒரு முடிச்சை அவிழ்த்தேன். இன்னொரு துணியைத் தேடினேன். கையில் இருந்த குழாய்கள் எல்லாவற்றையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். காற்று வடிகட்டி, சைலன்சர் முனை, எஞ்சினுக்குள் காற்று போகும் வாய் என்று எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பம்பருக்குப் பின்னால் சூடான காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் இருக்கிறது. அதற்குப் போகும் குழாய் ஏற்கெனவே மாட்டியிருந்தது, கிளிப் மட்டும் முறுக்காமல். மாட்டியிருக்கிறதே, வேலை முடிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? கிளிப்பை முறுக்கினேன்.

அப்படியானால் இரண்டாவது முடிச்சு?

அதைப் பார்த்தபடி ஓட்டுநர் சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவன் போகிற அன்றைக்குத் தனியாக வந்திருக்கிறான். டீகூட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். ரொம்ப நேரம் இருந்திருக்கிறான். எனக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தேன். அவன் வாய்விட்டு எதையும் சொல்லுகிற ஆள் இல்லை. போகும்போது தன் ஞாபகமாக ஒன்று கட்டிவிட்டுப் போயிருக்கிறான். கேட்டால் கிண்டலாகிவிடும், அவனும் வெட்கப்படுவான். அதனால் கேட்கவில்லை. அவிழ்க்கவும் இல்லை.

அதன்பிறகு வந்த ஞாயிறுகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. இரண்டு பேர் பிடிக்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் ஜாக்கி கொடுத்து, இன்னொரு பக்கம் முழங்காலால் தாங்கினேன். "அந்தப் பன்னண்டு நம்பர் ஸ்பேனர எடு" என்று வாய் பழக்கத்தில் கேட்கும். அப்புறம் நானே எழுந்துபோய் எடுப்பேன். பிரெஞ்சு உச்சரிப்பில் ஸ்பேனரை நீட்ட ஆளில்லை. இரண்டு சீட்டும் காலியாகக் கிடந்தன. நான் தரையில் உட்கார்ந்து டீ குடித்தேன். தனியாக அந்தச் சீட்டில் உட்கார்வது ஏனோ முடியவில்லை.

பொங்கலுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம் மட்டும்தான் என்னைத் தள்ளிக்கொண்டிருந்தது. மார்கழிக்கு முன்பே முடித்துவிட்டேன். எஞ்சினைப் போட்டேன், அழகாக ஓடியது. படகு எஞ்சின் மாதிரி ஒரு அடித்தொண்டைச் சத்தம். லேப்டாப்காரனுக்கு போன் செய்து கேட்க வைத்தேன்.

"சூப்பர்டா! ஆனா கொஞ்சம் இழுத்துப் பாத்தாத்தான் நான் பெட்ரோல் கணக்கு சரியா எழுத முடியும். பொங்கலன்னிக்கி வெடிச்சிடிச்சின்னா?"

"மூணு பேரும் சேந்துதான்னு சொன்னோமே."

"இது டெஸ்ட்டுடா. கல்யாணத்துக்கு முந்தி சாம்பார ருசி பாக்க மாட்டாங்களா?"

எங்கள் வீட்டைத் தாண்டி உள்ளே போனால் மனை போட்ட இடம் ஒன்று இருக்கிறது. தார் ரோடு நேராக, அகலமாக, சுத்தமாகப் போட்டிருக்கிறார்கள். விளக்குக் கம்பம்கூட இருக்கிறது. வீடு மட்டும் ஒன்றுகூட இல்லை. இருபுறமும் எண் எழுதிய கற்கள், நடுநடுவே வேலிகாத்தான் முட்புதர். மனையின் சொந்தக்காரர் எங்கள் சொந்தக்காரர்தான், வாட்ச்மேனிடம் சொல்லிவைத்திருந்தார். பொது ரோட்டில் ஓட்ட அனுமதி கிடைக்காத வண்டிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே தள்ளிக்கொண்டு போய், காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

ஊசி அசையவில்லை. டர்போ விசில் அடித்தது, எஞ்சின் மூச்சு முட்டிய ஆள் மாதிரி இருமியது, வண்டி நகர்ந்ததே தவிர இழுக்கவில்லை. திரும்பத் திரும்ப மிதித்தேன். ஊசி பூஜ்யத்துக்குக் கீழேயே படுத்துக் கிடந்தது.

உண்மையைச் சொன்னால், கடுப்புக்கு அடியில் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. ஒப்பந்தம் உடையவில்லையே.

ஆனால் அந்த நிம்மதி ஒரு நாளைக்குக்கூடத் தாங்கவில்லை. ஏன் இழுக்கவில்லை என்று தெரியாமல் என்னால் தூங்க முடியாது. எல்லா மூட்டிலும் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் காற்று கசிகிறதா என்று பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. மிச்சம் இருந்தது லேப்டாப்காரனின் எண்கள்தான்.

"உன் கணக்குதான் தப்பு," என்றேன் போனில்.

"என் கணக்கு தப்புன்னா எஞ்சினே ஓடாதுடா. காத்து உள்ள வரல, ஸ்கிரீன்ல பச்சையா தெரியுது. எங்கியோ அடைப்பு."

"எல்லாத்தையும் பாத்துட்டேன்."

"பாத்துருக்க மாட்ட. உனக்குத்தான் எல்லாம் அவசரம்."

"நேர்ல வந்து சொல்லு பாப்போம். அங்க ஏசி ரூம்ல உக்காந்துகினு பேசுவ."

"மீட்டிங் இருக்கு, அப்புறம் கூப்புடுறேன்" என்றான். கூப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு மதியம் பிரான்சுக்கு வீடியோ போட்டேன். அங்கே விடுமுறைக் காலை. படகுக்காரன் தலையில் கம்பளித் தொப்பி, பின்னால் ஒரு சமையலறை. அவனைப் பார்த்தும் மீன் வாசனை ஞாபகம் வராதது அதுதான் முதல்முறை. வண்டியைக் காட்டு என்றான். போனைத் தூக்கிக்கொண்டு சுற்றிக் காட்டினேன். எஞ்சின், டர்போ, பம்பர், பிறகு உள்ளே.

"நிறுத்து, நிறுத்து. ஸ்டியரிங்குல இன்னாடா அது?"

"நீ கட்டுனதுதான்."

"அது ஏன் இன்னும் அங்க இருக்கு?"

நான் சிரித்து மழுப்பப் பார்த்தேன். "ஞாபகத்துக்குக் கட்டிட்டுப் போன இல்ல, அதான்..."

அவன் முகம் திரையில் அப்படியே நின்றுவிட்டது. நெட் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் சிரிக்கத் தொடங்கினான், இருமல் வரும்வரை.

"டேய் லூசு! ஞாபகத்துக்கா? உள்ள துணி இருக்குடா! இன்டர்கூலர் வாயில. பைப்பு பம்பர்ல ஒரசுதான்னு சும்மா சொருவிப் பாத்தேன், அதுக்குள்ள வேன் வந்துடிச்சின்னு அம்மா போன் அடிச்சிட்டாங்க. அப்படியே வுட்டுட்டு ஓடிட்டேன். முடிச்சு இருக்குல்ல, நீ பாத்துப்பன்னு நெனச்சேன்!"

"அன்னிக்கி ரொம்ப நேரம் இருந்தன்னு அம்மா சொன்னாங்களே."

"பைப்புக்குத்தான்டா. அந்த வளைவு சரியா வரல. இன்னா, உக்காந்து அழுதேன்னு நெனச்சியா?"

நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது. பிறகு கேட்டேன், கிண்டல் மாதிரியே: "சரி, அடைச்சவன்தான் எடுக்கணும். பொங்கலுக்கு வந்து எடு."

அவன் தொப்பியைக் கழற்றினான். தலையைச் சொறிந்தான். பக்கத்தில் யாரோ பிரெஞ்சில் ஏதோ கேட்க, திரும்பிப் பதில் சொன்னான், வேகமாக, யோசிக்காமல். அந்த "வுவாலா மிசியே" குரல் அதில் இல்லை.

"நீயே எடுத்துடு மச்சி," என்றான்.

பொங்கலுக்கு வரப்போவதில்லை என்று அவன் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை.

பம்பரைக் கழற்றி, கிளிப்பைத் தளர்த்தி, குழாயை உருவினேன். வாய்க்குள் விரலை விட்டால் துணி நுனி தட்டுப்படவில்லை. இத்தனை நாள் காற்று தள்ளியதில் உள்ளே போய் இறுகியிருந்தது. கொக்கிபோல் வளைத்த கம்பியை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. ஒரு கை அகலத்துக்கு இருக்கும் என்று நினைத்தேன், கைலியில் பாதி உள்ளே இருந்தது. எண்ணெய் ஊறி, கட்டம் தெரியாமல். எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை அவன்.

பிறகு ஸ்டியரிங் முடிச்சை அவிழ்த்தேன். மாதக்கணக்கில் வியர்வைக் கை பட்டு இறுகியிருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது.

மனை ரோட்டுக்குப் போகும்முன் இருவரையும் ஒரே அழைப்பில் சேர்த்தேன். லேப்டாப்காரன் எடுக்கவில்லை. படகுக்காரன் எடுத்தான். முன்சீட்டு இருந்த இடத்தில் கோரைப்பாயை விரித்து, அதன்மேல் போனை ஒரு டப்பாவில் சாய்த்து, மீட்டர் தெரிகிற மாதிரி வைத்தேன். "தெரியுதா?" என்றேன். "தெரியுது, மிதி," என்றான்.

மிதித்தேன். முதலில் ஒன்றுமில்லை, வழக்கமான இரைச்சல்தான். அப்புறம் விசில் மேலே ஏறியது. முதுகை யாரோ உள்ளங்கையால் வைத்துத் தள்ளுவதுபோல் வண்டி பாய்ந்தது. ஊசி எழுந்து பூஜ்யத்தைத் தொட்டு, நிற்காமல் மேலே போனது. எண் எழுதிய கற்கள் படிக்க முடியாதபடி ஓடின. என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது என்ன வார்த்தை என்று எனக்கே தெரியாது. ரோடு முடிகிற இடத்தில் வேலிகாத்தான் தெரிய, காலை எடுத்துப் பிரேக்கை அழுத்தினேன். வண்டி நின்றது. டர்போ விசில் மெல்ல இறங்கி அடங்கியது. தூரத்தில் ஒரு ஆடு கத்தியது.

அப்போதுதான் பாய்மேல் கிடந்த போனிலிருந்து அவன் கத்தினான். "ஏறுதுடா! ஏறுது! ஏறுது! தாண்டிடிச்சி!" நெட் அவ்வளவு தாமதம். அவனுடைய ஊசி அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. என்னுடையது எப்போதோ விழுந்துவிட்டது. அவன் முடிக்கும்வரை நான் காத்திருந்து, முடித்ததும், "ஆமாடா, தாண்டிடிச்சி," என்றேன்.

லேப்டாப்காரன் சாயங்காலம் கூப்பிட்டான். நடந்ததைச் சொன்னேன், திட்டியதற்கு ஸாரி சொன்னேன். "அடைப்புன்னு சொன்னேன்ல," என்றான் சந்தோஷமாக. வீடியோவை அனுப்பச் சொன்னான். ரெக்கார்டு செய்யவில்லை. யாருக்கும் தோன்றவில்லை.

அந்தத் துணியை நான் பக்கெட்டில் ஊறப்போட்டிருந்தேன். மறுநாள் அம்மா அதைத் துவைக்கும் கல்லில் விரித்துப் பார்த்தாள். "யாரு கைலிடா இது? நம்மூட்டுது இல்லியே."

"வண்டித் துணிம்மா."

அவள் அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். கட்டம் மறுபடியும் நீலமாகத் தெரிந்தது. கொடியில் என் சட்டைகளுக்கு நடுவே காய்ந்தது.

பொங்கல் விடுமுறையில் யாரும் வரவில்லை. குழாயின் அந்த வளைவு உண்மையிலேயே பம்பரில் உரசிக்கொண்டிருந்தது. அவன் சொன்னது சரிதான். அதைச் சரிசெய்ய மறுபடியும் பிரித்தேன். மடித்து வைத்திருந்த கைலியை எடுத்து இன்டர்கூலர் வாயில் அடைத்தேன். ஒரு துண்டைக் கிழித்து ஸ்டியரிங்கில் கட்டினேன். அதில் யாருடைய ஞாபகமும் இல்லை, உள்ளே ஒரு துணி இருக்கிறது, அவ்வளவுதான். வளைவை வெட்டி ஒட்டவைக்க இரண்டு ஞாயிறு ஆனது. வெல்டிங் கொஞ்சம் அசிங்கமாக வந்தது, ஆனால் பிடித்துக்கொண்டது.

அடைத்தவன் நான்தான். அதனால் எடுக்கும்போது யாருக்கும் போட்டோ அனுப்ப வேண்டியிருக்கவில்லை.